தகரக் கூரையின் கீழ் ஒரு மூங்கில் ஹெட்போன்

பண்டாரவளையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒலிப்பதிவு பழகி வருகிறார். கோயில் திருவிழாக்களில் தவிலையும் நாதஸ்வரத்தையும் பதிவுசெய்து, இரவில் வீட்டில் இருந்து தொகுக்கிறார். வீட்டுக்குத் தகரக் கூரை. "நண்பர்கள் எல்லோரும் திறந்த வகை ஹெட்போன்தான் நல்லது, மூடிய வகையில் பாட்டு பெட்டிக்குள் இருந்து கேட்பதுபோல் இருக்கும் என்கிறார்கள். உங்களிடம் விலை உயர்ந்த மூடிய ஹெட்போன் ஒன்று நான்கு வருடங்களுக்கு மேலாக இருக்கிறதாம். கொடுத்த காசுக்கு அது பெறுமதியா? மலைநாட்டு ஈரத்தைத் தாங்குகிறதா? தனியாக ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டுமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, கிண்ணத்தின் பின்பக்கம் அடைபட்டிருக்கும் மூடிய வகையையே வாங்குங்கள். நம்முடைய வீடுகளுக்கு அதுதான் பொருந்தும். ஆனால் எந்த ஹெட்போன் என்பதை உங்கள் தலையில் மாட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். இந்த இரண்டாவது விஷயத்தை அழுத்திச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது டெனன் ஏஎச்-டி9200. 2018இல் சந்தைக்கு வந்தது. காதை மூடும் கிண்ணங்கள் ஜப்பானின் கொச்சி மாகாணத்தில் வளரும் மோசோ மூங்கிலால் ஆனவை. உள்ளே ஒலியை எழுப்பும் 50 மில்லிமீற்றர் சவ்வு. எடை 375 கிராம். நான் 2021இல் கொழும்பில் ஒருவரிடம் பாவித்ததாக வாங்கினேன். அவர் ஒரு வருடம் வைத்திருந்தார். ஆகவே புதிதாக இருக்கும்போது அது எப்படி ஒலித்தது என்று நான் பேச வரவில்லை. ஹட்டனுக்குப் பக்கத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டில், நான்கு மழைக்காலங்களைக் கடந்து அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் மழை. எங்கள் பக்கத்தில் வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று விடாது. உங்கள் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். தகரத்தில் மழை விழும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹெட்போனை மாட்டியதும் அந்த மழையின் மேல்பகுதி, அதாவது சரசரவென்ற இரைச்சல், யாரோ கதவைச் சாத்தியதுபோல் விலகிவிடும். கூரையின் அடியில் எழும் ஆழ்ந்த முழக்கம் மட்டும் மிஞ்சும்.

அந்த முழக்கம் ஏன் மிஞ்சுகிறது என்பதைத் தொழிற்சாலை விசிறிதான் எனக்கு விளக்கியது. கொழுந்தை வாட்டும் மாடியில் இரவு முழுவதும் பெரிய விசிறிகள் ஓடும். அந்த உறுமல் என் அறைச் சுவரிலும் கட்டில் காலிலும் இருக்கும். ஹெட்போனை மாட்டினாலும் அது அநேகமாக அப்படியே கேட்கிறது. மூடிய ஹெட்போன் எதுவாக இருந்தாலும், எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கினாலும், உயர்ந்த சுருதிகளை நன்றாகத் தடுக்கும், 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கொஞ்சமாகத்தான் தடுக்கும். தாழ்ந்த ஒலியை நிறுத்தப் பாரமும் இறுக்கமும் வேண்டும், அல்லது எதிர் ஒலியை உண்டாக்கும் மின்சுற்று வேண்டும். பஸ்ஸில் போகும்போது எஞ்சின் சத்தம் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால், இரைச்சலை நீக்கும் பற்றரி ஹெட்போன் இதைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் அந்த வேலையைச் செய்யும். வெளிச்சத்தம் முற்றாக அடங்கிவிடும் என்று நினைத்து இந்த விலைக்குப் போகாதீர்கள்.

அப்படியென்றால் காசு எங்கே போகிறது? சவ்வின் முதுகில் இருந்து பின்னோக்கிப் போகும் ஒலியை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் போகிறது. சவ்வு முன்னும் பின்னும் அசையும்போது காதுப் பக்கம் எவ்வளவு ஒலி வருகிறதோ அவ்வளவு பின்பக்கமும் போகிறது. திறந்த வகையில் அது வலைக்கண் வழியாக வெளியேறிவிடும். மூடிய வகையில் கிண்ணத்தில் மோதித் திரும்பி வந்து, சவ்வின் வழியாகவே காதுக்குள் நுழைந்து, முதல் ஒலியைக் கலக்கிவிடும். உங்கள் நண்பர்கள் சொல்லும் பெட்டிச் சத்தம் இதுதான். அவர்கள் சொல்வது பொய்யில்லை. மலிவான மூடிய ஹெட்போன்களில் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

விலை உயர்ந்த ஹெட்போன்களைச் செய்பவர்கள் ஒவ்வொருவரும் இந்த ஒரே சிக்கலுக்கு வேறு வேறு வழியில் பதில் தேடியிருக்கிறார்கள். சென்ஹைசர் 2018இல் வெளியிட்ட எச்டி 820இல் சவ்வுக்குப் பின்னால் வளைந்த கண்ணாடி ஒன்றை வைத்து, ஒலியை அது ஓரத்துக்குத் தள்ள, அங்கே உறிஞ்சும் அறைகள் வாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள். டான் கிளார்க் ஆடியோ 2021இல் கொண்டுவந்த ஸ்டெல்த், சவ்வுக்கும் காதுக்கும் நடுவில் நுண்ணிய குழல்கள் நிறைந்த ஓர் அமைப்பை வைத்து, உள்ளே தேங்கி நிற்கும் அலைகளை உறிஞ்சுகிறது. டெனன் கிண்ணத்தின் பொருளில் கவனம் வைத்தது. இலேசாகவும் வேண்டும், விறைப்பாகவும் வேண்டும், அதே நேரத்தில் அதிர்வை அடக்கவும் வேண்டும். அதற்குத்தான் மூங்கில். கிண்ணத்தை நகத்தால் தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக்கில் வரும் டப்பென்ற சத்தமும் இல்லை, தகரத்தில் வரும் ரீங்காரமும் இல்லை. தட்டிய இடத்திலேயே சத்தம் அடங்கிவிடுகிறது.

இனிக் கேட்ட அனுபவம். ஒரு பதிவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அதிலேயே எல்லாம் இருக்கிறது.

ஒரு மாசி மாதம், மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு காமன் பொட்டலில், அதாவது காமன் கூத்து ஆடும் திடலில், கூத்தைப் பதிவுசெய்தேன். இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு பனி இறங்கியது. வீட்டுக்கு வந்து, முன்பு வைத்திருந்த சாதாரண ஹெட்போனில் கேட்டபோது, நடு இரவுக்குப் பின்னால் தப்படிப்பவர்கள் களைத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அடி மந்தமாகத் தெரிந்தது. அந்தப் பகுதியை வெட்டிவிடலாம் என்று குறித்தும் வைத்திருந்தேன். மூங்கில் ஹெட்போன் கைக்கு வந்த பிறகு அதே பதிவைப் போட்டுக் கேட்டேன். அடிப்பவர்கள் களைக்கவே இல்லை. நீளமான சிம்புக்குச்சியின் சுளீரென்ற ஓசை முதல் அடியில் எப்படி இருந்ததோ அப்படியே மேலே தெளிவாக இருந்தது. அடிக்குச்சி விழும் இடத்தில்தான் தோலின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருந்தது. டண் என்று வெட்டி நின்ற அடி, டொம்ம் என்று இழுபட ஆரம்பித்திருந்தது. பனி பட்டுத் தோல் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு ஆட்டம் நிற்கிறது. யாரோ சருகு கொண்டுவருகிறார்கள். தீ மூட்டும் சடசடப்பு, இடது பக்கத்தில், என்னிடம் இருந்து பத்தடி தூரத்தில். தப்பைத் தீயில் காட்டித் திருப்பும்போது ஒருவர் விரலால் தோலைச் சுண்டிப் பார்க்கிறார். ஒரு சுண்டல், சிறிது நேரம் கழித்து இன்னொன்று, அது முந்தியதைவிட அரைச் சுரம் ஏறியிருக்கிறது. மூன்றாவது சுண்டலோடு ஆட்டம் மீண்டும் தொடங்குகிறது, தோல் இறுகிவிட்டது. அந்தச் சுண்டல்கள் பழைய ஹெட்போனில் எனக்குக் கேட்டதே இல்லை. நான் வெட்டி எறிய இருந்த நான்கு நிமிடங்கள் இப்போது அந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நல்ல மூடிய ஹெட்போன் தருவது இந்த வகைத் தெளிவைத்தான். ஒன்றுக்கு மேல் ஒன்றாக விழும் ஒலிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடுக்கிறது. தவில் கேட்கும்போதும் இதே அனுபவம். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடுகள் விழும் ஓசையும், இடப்பக்கமான தொப்பியில் பூவரசங்கோல் விழும் ஓசையும் ஒன்றையொன்று மூடாமல் நிற்கின்றன. அளவெட்டி தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவுகள் மிகப் பழையவை, இரைச்சல் நிறைந்தவை. அவற்றில்கூட இடக்கையின் வேகம் எவ்வளவு என்று இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது. நாதஸ்வரம் மலிவான ஹெட்போன்களில் காதைக் கீறும். இதில் அது கீறவில்லை, வாயில் வைத்து ஊதும் சீவாளியில் காற்று பிசிறுவது மட்டும் மெல்லிதாகக் கேட்கிறது.

அடித்தொனி உண்மையில் இருப்பதைவிடச் சற்றுத் தடிப்பாகத்தான் வருகிறது. பாட்டுக் கேட்பவருக்கு அது இன்பம். தொகுப்பவர் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு பதிவையும் முடிக்கும் முன் ஒரு காரிலும், ஒரு சின்ன ஸ்பீக்கரிலும் போட்டுக் கேட்டுவிடுவேன். நல்ல திறந்த ஹெட்போனில் கிடைக்கும் வெளியும் காற்றோட்டமும் இதில் முழுதாகக் கிடைக்காது. ஒரு நண்பர் வீட்டில் திறந்த வகை ஒன்றைக் கேட்டபோது தம்புரா அறை முழுக்கப் பரவியது. ஆனால் அது நகரத்தில் உள்ள கல்வீடு, பகல் நேரம், மழை இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் அதே ஹெட்போனைப் பாவித்தால் கூரைச் சத்தம் நேரே உள்ளே வரும், நம்முடைய பாட்டு நேரே வெளியே போகும். பக்கத்துக் காம்பராவில் இருமினாலே இங்கே கேட்கும் வீடுகள் நம்முடையவை. விடிய ஐந்து மணிக்கு எழுந்து மலைக்குப் போக வேண்டியவர்கள் அந்தப் பக்கம் தூங்குகிறார்கள். பதிவு செய்யும் இடத்திலும் அப்படித்தான். திறந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்குக்குப் பக்கத்தில் நின்றால், ஹெட்போனில் இருந்து கசிவதையும் மைக் எடுத்துக்கொள்ளும்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வந்த விஷயம். மூடிய ஹெட்போனின் ஒலியில் பாதி உங்கள் தலையில் இருக்கிறது. காதைச் சுற்றி மெத்தை ஓட்டை இல்லாமல் ஒட்டினால்தான் உள்ளே காற்று அடைபட்டு அடித்தொனி நிற்கும். ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் போவது அடித்தொனிதான். நான் இதை வாங்கிய முதல் மாதத்தில் பெரிய ஏமாற்றத்தில் இருந்தேன். எல்லோரும் புகழ்ந்த ஆழம் எனக்கு வரவில்லை. ஒலி மெலிந்து, மேல்சுரம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. விற்றவர் ஏதோ பழுதை மறைத்துவிட்டார் என்றுகூட நினைத்தேன். மார்கழிக் குளிரில் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துப் போட்டு, அதற்கு மேல் ஹெட்போனை மாட்டியிருந்தேன். அது மட்டும்தான் காரணம். தொப்பியைக் கழற்றி மாட்டியபோது அறையின் தரை திரும்ப வந்ததுபோல் இருந்தது. அந்த மனிதரைத் தவறாக நினைத்ததற்கு இன்றும் வருந்துகிறேன்.

மூக்குக்கண்ணாடியும் இதையே செய்யும். தடித்த காம்பு உள்ள கண்ணாடி காதுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் வெட்டிவிடும். நான் இரவு வேலைக்கு மட்டும் மெல்லிய கம்பிக் காம்பு உள்ள கண்ணாடி ஒன்றைச் செய்வித்தேன். நீளமான தலைமுடி, பெரிய தோடு எல்லாமே கணக்கில் வரும். சோதிப்பது எளிது. தொலைபேசியில் 40 ஹேர்ட்ஸ் ஒலியை மெதுவாகப் போட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணங்களை மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது ஒலி பெரிதாக ஏறினால், அந்த ஹெட்போன் உங்கள் தலையில் கசிகிறது. அப்படிக் கசிந்தால், மற்றவர்கள் அதைப் பற்றி எழுதிய புகழ் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. கடைக்குப் போகும்போது தினமும் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கள், அரை மணித்தியாலமாவது கழற்றாமல் இருங்கள். 375 கிராம் முதல் ஐந்து நிமிடத்தில் பாரமாகத் தெரியாது. ஃபோக்கல் ஸ்டெலியா போன்றவை 435 கிராம் வரும். பாரத்தைக் கழுத்து உணர நேரம் எடுக்கும்.

ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். குறைந்தபட்சம் இதற்கு வேண்டாம். இதன் மின்தடை 24 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபெல் தருகிறது. 85 டெசிபெல் என்பதே நீண்ட நேரத்துக்கு அதிகமான சத்தம், அதற்கு ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு போதும். தொலைபேசியில் செருகி அதன் டிஜிட்டல் ஒலியை மின்சமிக்ஞையாக்கும் சிறிய மாற்றி (டிஏசி) ஒன்று ஒரு வோல்ட் கொடுத்தாலே 40 மில்லிவாட்டைத் தாண்டும். 300 ஓம் உள்ள எச்டி 820 போன்றவற்றுக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும், அங்கே தனி ஆம்ப்ளிஃபயருக்கு நியாயம் உண்டு. உங்களுக்கு வேண்டியது வெளியீட்டு மின்தடை குறைந்த மாற்றி. 3 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. இன்னொரு காரணமும் சொல்கிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி மின்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுவர் மின்சாரத்தில் இணைத்த கருவியோடு காதை இணைத்துக்கொண்டு அந்த நேரத்தில் உட்காராதீர்கள். பற்றரியில் ஓடும் கருவியே நமக்கு நல்லது.

மழையோடு போட்டி போட்டுச் சத்தத்தை ஏற்றவும் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபெல். மழை வலுத்தால் நான் வேலையை நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவேன்.

ஈரம் தாங்குமா என்று கேட்டீர்கள். மூங்கில் தாங்குகிறது. நான்கு மழைக்காலத்தில் ஒரு வெடிப்பும் இல்லை, நிறம் மட்டும் கொஞ்சம் தேன் ஏறியிருக்கிறது. தோல்தான் கவலை. இதன் தலைப்பட்டியில் ஆட்டுத்தோல். ஓர் ஆடி மாதம் கல்யாணம் ஒன்றுக்காக மட்டக்களப்புக்குப் போய் இரண்டு கிழமை தங்கிவிட்டேன். ஹெட்போனை உடுப்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். வந்து திறந்தால் தலைப்பட்டி முழுதும் வெள்ளையாகப் பூஞ்சணம். தவறு என்னுடையது, காற்றில்லாத இருட்டில் வைத்தேன். உலர்ந்த பருத்தித் துணியால் பலமுறை துடைத்து, நிழலில் காற்றாட வைத்தேன். சவர்க்காரமோ மதுசாரமோ தொடவில்லை. மணம் போக ஒரு மாதம் எடுத்தது.

அதற்குப் பிறகு இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பாகும்போது சட்டியில் போட்டு மெல்லிய சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஹெட்போனை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைக்கும் பழக்கமும் வேண்டாம், பசை இளகிவிடும். வெளியில் குளிரில் பதிவு செய்துவிட்டு வந்ததும் நேரே சமையலறைக்குள் கொண்டுபோனால், கிண்ணத்தின் உள்ளேயும் நீர் பூக்கும். பைக்குள்ளேயே வைத்து அரை மணித்தியாலம் அறைச் சூட்டுக்கு வரவிட்டு எடுங்கள்.

கடைசியாகக் காசு. இது வெளிவந்தபோது அமெரிக்க விலை ஏறத்தாழ 1600 டாலர். 2022இல் டாலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் எல்லோரும் பட்டு அறிந்தோம். டாலரை 300 ரூபா என்று வைத்தாலும், வரியும் அனுப்புகூலியும் சேராமலே நான்கு இலட்சத்து எண்பதாயிரம் ஆகிறது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் இது 355 நாள் கொழுந்து. என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். இதை வாங்கிய பிறகு மூன்று மாதம் அவருக்கு விலையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்ன அன்று அவர் ஒன்றும் பேசாமல் ஹெட்போனை வாங்கித் தலையில் மாட்டி, காமன் கூத்துப் பதிவைக் கேட்டார். தாத்தா தப்படித்தவர். தீயில் காய்ச்சும் இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு, "இந்தச் சுண்டல் அப்பாவுடையது மாதிரியே இருக்கிறது" என்றார்.

நான் இதை விற்க மாட்டேன். ஆனால் உங்களை இந்த விலைக்குப் போகச் சொல்லவும் மாட்டேன். நீங்கள் தொழில் பழகும் நிலையில் இருக்கிறீர்கள். பேயர்டைனமிக் டிடி 770 புரோ நாற்பது வருடங்களாகப் பதிவுக்கூடங்களில் இருக்கும் மூடிய ஹெட்போன். 80 ஓம் வகையை எடுங்கள். மெத்தை வெல்வெட் மாதிரியான துணி, மலைநாட்டு ஈரத்தில் தோலைவிட அதைப் பராமரிப்பது சுலபம், தேய்ந்தால் மாற்றவும் முடியும். அதில் மேல்சுரம் கொஞ்சம் கூர்மையாக நிற்கும், நாதஸ்வரத்தைத் தொகுக்கும்போது அந்தக் கூர்மையைக் கண்டு பயந்து மேல்சுரத்தை வெட்டிவிடாதீர்கள். மிஞ்சும் காசில் நல்ல மைக் இரண்டு வாங்குங்கள். பதிவில் இல்லாத ஒன்றை எந்த ஹெட்போனாலும் கேட்க வைக்க முடியாது.

வாங்க முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்கு வாருங்கள், தம்பி. உங்கள் கண்ணாடியோடு, முடிந்தால் மழை நாளாகப் பார்த்து வாருங்கள். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாட்டிப் பார்க்கலாம். காமன் பொட்டல் பதிவையும் போட்டுக் காட்டுகிறேன். தீ மூட்டும் இடம் பதினெட்டாவது நிமிடத்தில் வருகிறது.